ரம்லத் டீச்சரின் நூற்றுப் பதினேழாவது டிஸ்க்

ரம்லத் டீச்சர் எங்கள் பள்ளியில் இந்தி சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் குற்றிப்புரம் ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, இந்தி டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் டீச்சர் என்று கேட்டால், ரேஷன் கடை தாண்டி இரண்டாவது வளைவு, முன்னால் ரம்புட்டான் மரம் நிற்கும் வீடு என்று மீன் வண்டிக்காரர்கூடச் சொல்லிவிடுவார்.

இந்தப் பட்டம் அவர் கேட்டு வாங்கியதல்ல. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஸ்டாஃப் மீட்டிங் நடந்தது. அன்றைக்கு மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் டீச்சர் வரவில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. யார் வரவில்லையோ, வேலை அவருக்கு. நூலகம், சாரணர் படை, காய்கறித் தோட்டம் எல்லாமே இப்படித்தான் தங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டன. மறுநாள் வந்தவரிடம் லேப் சாவியைக் கொடுத்தார்கள். சாவிதானே என்று அவரும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாவிக்குப் பின்னாலேயே ஐந்து நாள் பயிற்சியும் வந்தது. எங்கள் மாநிலப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ்தான். பாடம், பரீட்சை எல்லாம் அதில். வீட்டிலோ எல்லோரிடமும் விண்டோஸ். அதனால் பயிற்சியின் மூன்றாம் நாள் முழுவதும் ஒரே பாடம்: இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து, ஒரு பங்கில் விண்டோஸ், இன்னொரு பங்கில் லினக்ஸ். முப்பது ஆசிரியர்கள் சொன்னபடி பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தபோது, ரம்லத் டீச்சர் மட்டும் கையைத் தூக்கினாராம். "சாரே, இதுக்குள்ள ஏற்கெனவே யாரோட சாமான் இருக்கு?" பயிற்சி நடத்தியவர், இதுவரை இதை யாரும் கேட்டதில்லை என்று சொன்னார். அந்தக் கதையை டீச்சர் சொல்லும்போது குரலில் லேசாகப் பெருமை தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளி, பக்கத்துப் பள்ளி, மதரசா, இரண்டு கல்யாண மண்டபம், ஒரு பல் டாக்டர் என்று ஊரின் டிஸ்க்குகள் எல்லாம் அவர் கையில்தான் பிரிந்தன. அவர் கணவர் சைதலவி சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவர். அவருக்கு இதில் தீராத ஆச்சரியம்.

"நாங்க ஒரு வீட்டப் பிரிக்க நாலு சாட்சி வேணும், முத்திரத்தாள் வேணும், மூத்த மகன் கோவிச்சுக்கிட்டு வளைகுடாவுல இருந்து வரமாட்டேன்னு சொல்லணும். நீ சாயா ஆறறதுக்குள்ள பிரிச்சுத் தர்ற" என்பார்.

"என் கிட்ட வர்ற பங்காளிங்க சண்ட போட மாட்டாங்க. ஒருத்தர் முழிச்சிருக்கும்போது இன்னொருத்தர் தூங்குவார்" என்பார் டீச்சர்.

அவர் வேலை செய்யும் முறையும் ஒரு பத்திரம்போலத்தான் இருக்கும். முதலில் லேப்டாப்பைத் திறக்கவே மாட்டார். ஒரு பக்கம் எழுதிய பழைய விடைத்தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்து நீளமாக ஒரு பெட்டி வரைவார்.

"இது உங்க டிஸ்க்கு. உள்ள என்னென்ன இருக்கு, எது வேணும், எது வேணாம். உங்க வாயால சொல்லுங்க."

மனிதர்களுக்குத் தங்கள் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்பது பொதுவாகத் தெரியாது. பெட்டியைப் பார்த்ததும் யோசிக்கத் தொடங்குவார்கள். மலையாள ஆசிரியருக்கு ஒரே ஒரு பழைய அச்செழுத்துக்காக விண்டோஸ் வேண்டும். அரபி உஸ்தாதுக்கு லினக்ஸ் போதும், ஆனால் வீட்டிலிருக்கும் நான்கு வயது வாரிசுக்குக் கார் ஓட்டும் விளையாட்டு வேண்டும். எல்லாவற்றையும் பெட்டிக்குள் கோடு போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கி, துளையிட்டு ஒரு ஃபைலில் கோத்து வைப்பார். அந்த ஃபைலில் போன பிப்ரவரி வரை நூற்றுப் பதினாறு தாள்கள் இருந்தன. ஒன்றில்கூடத் தவறு நடந்ததில்லை.

பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கு ஐ.டி. செய்முறைத் தேர்வு. தேர்வுக்கான நிரல் லினக்ஸில் மட்டும்தான் ஓடும். பதினைந்து லேப்டாப் வேண்டிய இடத்தில், ஒன்று மழைக்காலத்தில் ஓடு ஒழுகிச் செத்திருந்தது. ஒன்று குறைந்தால் தேர்வு ஒரு நாள் நீளும், வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முகம் சுளிப்பார். எனவே ஸ்டாஃப் ரூமில் யாரிடம் லேப்டாப் இருக்கிறது என்று டீச்சர் பார்த்தபோது, மூலையில் வேலாயுதன் மாஷ் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

வேலாயுதன் மாஷ் பி.டி. ஆசிரியர். கழுத்தில் விசில், முழங்காலுக்கு மேல் ஏறிய டிராக் சூட், எந்த வாக்கியத்தையும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி சொல்லும் பழக்கம். ஆறு வருடமாகப் பெண்கள் கால்பந்து அணி ஒன்றை நடத்துகிறார். ஒவ்வொரு ஆட்டத்தையும் பைக் சீட்டில் போனைக் கட்டிவைத்துப் படம் பிடித்து, லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தார்.

"என் லேப்டாப் வேணாம் டீச்சரே. அதுல என் சாமானெல்லாம் இருக்கு."

"உங்க சாமான நான் எதுக்குத் தொடறேன் மாஷே. ஒரு ஓரமா லினக்ஸுக்கு இடம் குடுங்க, திங்கக்கிழம பரீட்ச முடிஞ்சா வேணாம்னா எடுத்துரலாம்."

"இப்ப வேணாம். வியாழக்கிழம முடியட்டும்."

வியாழக்கிழமையில் என்ன என்றால், ஷிபிலா. பத்தாம் வகுப்பு பி பிரிவு, அணியின் கோல்கீப்பர். கோழிக்கோட்டில் பெண்களுக்கான ஒரு கால்பந்து விடுதியில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்துக்கொண்டே பயிற்சி தருகிறார்கள். அதற்கு முதல்கட்டமாக, வெட்டாமல் ஒட்டாமல் இருபது நிமிடத்துக்குக் குறையாத ஓர் ஆட்டத்தின் வீடியோவை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் பிளஸ் டூவுக்குப் பெண்கள் அணி வைத்திருக்கும் பள்ளி ஒன்றுகூட இல்லை. விடுதி கிடைக்காவிட்டால் ஷிபிலாவின் கால்பந்து மார்ச் மாதத்தோடு முடிந்தது.

"வீடியோ ஈ டிரைவுல இருக்கு" என்றார் மாஷ்.

"அப்ப ஈ-யத் தொட மாட்டேன். எழுதி வாங்கிக்கறேன், போதுமா?"

தலைமையாசிரியை ஏலியாம்மா டீச்சர் கோட்டயத்துக்காரர். எதையும் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அது நடக்காது என்று நம்புகிறவர். "குடு வேலாயுதா. ரம்லத் கை பட்டு இதுவர எதுவும் கெட்டதில்ல" என்றார். மாஷ் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார். அது செவ்வாய்க்கிழமை, மதிய உணவு மணிக்குப் பிறகு.

பெட்டி வரையப்பட்டது. தொள்ளாயிரத்துச் சொச்சம் ஜி.பி., மூன்று பங்கு. முதல் கட்டம் சி: விண்டோஸ். இரண்டாவது டி: பதினான்கு சினிமா, அழித்துவிடலாம். மூன்றாவது ஈ: கால்பந்து, தொடக்கூடாது. மாஷ் கையெழுத்துப் போட்டார். டீச்சர் நம்பர் போட்டார்: 117.

மூன்று பங்கும் ஒரே அளவு. எங்கள் ஊர்க் கடைகளில் அப்படித்தான் செய்து கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை, அவர்களும் யோசிப்பதில்லை. மூன்று பிள்ளை இருந்தால் மூன்று சம பங்கு, மூன்று டிரைவ் இருந்தால் அதுவும் அப்படியே. பெயர் வைப்பதும் கிடையாது. திறந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் புது வால்யூம், புது வால்யூம் என்றே இருக்கும். லினக்ஸ் நிறுவும் திரையில் சி, டி, ஈ என்ற எழுத்துகளும் வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் அளவும் மட்டும்தான்.

வழக்கமாக டீச்சர் ஒவ்வொரு பங்கையும் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைவைப்பார். முன்னெச்சரிக்கையாக வேண்டியதை வேறொரு டிஸ்க்கில் நகலெடுக்கவும் செய்வார். அன்று நகலெடுக்கப் பள்ளியின் வெளி டிஸ்க் கிடைக்கவில்லை, அது வேறு பள்ளிக்குப் போயிருந்தது. எட்டிப் பார்க்காததற்குக் காரணம் எதுவும் இல்லை. நூற்றுப் பதினாறு டிஸ்க் பிரித்த கை. ஒன்று சி என்றால் இரண்டு டி. இரண்டாவதை அழித்தார். லினக்ஸ் ஏறத் தொடங்கியது. அவர் எட்டாம் வகுப்புக்குப் போய்க் கபீரின் இரண்டு வரிகளை நடத்திவிட்டு வந்தார்.

வந்ததும் மாஷுக்குக் காட்டலாம் என்று விண்டோஸைத் திறந்தார். சி இருந்தது. டி இருந்தது, உள்ளே பதினான்கு சினிமாவும் பத்திரமாக இருந்தன. ஈ இல்லை.

அப்போது நான் லேபில் இயற்பியல் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் துப்பட்டாவின் நுனியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு லேப்டாப்பை அணைத்துவிட்டு எழுந்து, நேராக மைதானத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

மாஷ் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"மாஷே, உங்க லேப்டாப் வாங்கின பிறகு கடையில குடுத்து ஏதாவது பண்ணீங்களா?"

"போன வருஷம். மொதல்ல சி-யும் டி-யும்தான் இருந்துச்சு. சி பெருசா கெடந்துச்சு. அதுல பாதி வெட்டி இன்னொண்ணு பண்ணித் தரச் சொன்னேன். ஏன்?"

அதுதான் விஷயம். சி-யின் பாதியை வெட்டினால், வெட்டிய துண்டு சி-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். பிறந்தது கடைசி, அதனால் எழுத்து ஈ. இருந்தது நடுவில். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்ட கடைக்குட்டி மாதிரி.

"ஈ-ய அழிச்சிட்டேன் மாஷே" என்றார் டீச்சர்.

வேலாயுதன் மாஷ் கையிலிருந்த கூம்பைக் கீழே வைத்தார். விசிலை வாயில் வைத்து ஒரு நீண்ட ஊதல் ஊதினார். மைதானத்தில் யாரும் இல்லை. ஒரு ஆடு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பிள்ளகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நான்தான் சொல்லணும்."

ஏலியாம்மா டீச்சர் விஷயம் கேள்விப்பட்டதும் தன் ஆளைக் காப்பாற்றப் பார்த்தார். "அவன் கையெழுத்துப் போட்ட கடலாஸ் இருக்கே ரம்லத்தே. கடையில வெட்டினத அவன் சொல்லல. தப்பு ஒன்னோடது இல்ல."

"கடலாஸ்ல ஈ-யத் தொடக்கூடாதுன்னு இருக்கு டீச்சர். என் கையெழுத்துல இருக்கு" என்றார் ரம்லத் டீச்சர்.

ஷிபிலாவைப் பத்து பி-யிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். உயரமான, எதையும் ஒரு நொடி தாமதித்துச் சொல்லும் பெண். டீச்சர் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஷிபிலா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"முழுசா போச்சா டீச்சர்?"

"தெரியல மோளே. முழுசா போயிருக்காது. இப்ப ஒரு கிளாஸ்ல அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரக் கிழிச்சிட்டேன்னு வெச்சுக்க. பேரு போச்சு. ஆனா பிள்ளைங்க பெஞ்சுலதான உக்காந்திருப்பாங்க? புதுசா வந்தவங்க எந்த பெஞ்சுல ஏறி உக்காந்தாங்களோ, அந்த பெஞ்சுல இருந்தவங்க மட்டும்தான் போனவங்க."

"புதுசா எத்தன பேரு வந்தாங்க?"

"லினக்ஸ் கொஞ்சம் எடத்ததான் பிடிச்சிருக்கு. அது எங்க உக்காந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"சரி டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு லேப்டாப்பை யாரும் சாதாரணமாகத் திறக்கக்கூடாது என்று டீச்சர் தடை போட்டார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏதாவது எழுதப்படும், இன்னொரு பெஞ்சு போகும். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரரிடம் பெரிய டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கினார். அதில் மூன்று கல்யாணமும் ஒரு சுன்னத்தும் இருந்ததால், அவரும் ஒரு நிபந்தனை போட்டார். "டீச்சரே, இதுல எதையும் பிரிச்சுராதீங்க." செய்தி அதற்குள் குற்றிப்புரம் வரை போயிருந்தது.

பென் டிரைவிலிருந்து ஒரு நிரலை ஓட்டினார். அது பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போய், வீடியோ மாதிரித் தெரிவதையெல்லாம் தோண்டி வெளி டிஸ்க்கில் போடும். புதன்கிழமை முதல் பீரியட் முடிந்தபோது வேலை முடிந்திருந்தது. முந்நூற்று நாற்பது வீடியோ. ஒன்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை. நீளமான எண்கள்தான்.

மாஷ் தேடியது ஒன்றே ஒன்று. டிசம்பரில் நடந்த துணை மாவட்ட இறுதி ஆட்டம். பெனால்டியில் ஷிபிலா இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்துக் கோப்பை வாங்கிய ஆட்டம்.

லேபில் அன்று இந்தியும் நடக்கவில்லை, இயற்பியலும் அரைகுறைதான். பதினான்கு லேப்டாப்பிலும் வீடியோக்களைப் பங்கிட்டுப் போட்டு, அணியிலிருந்த பெண்களை உட்கார வைத்தார் டீச்சர். பிள்ளைகள் சேற்றின் நிறத்தைப் பார்த்தே மைதானத்தைச் சொன்னார்கள்.

"இது திரூர். செம்மண்ணு."

"இது நம்ம கிரவுண்டு. ஆடு நிக்குது பாரு."

"அய்யோ டீச்சர், இதுல நான் விழறது இருக்கு, இத அழிச்சிருங்க."

"இனிமே நான் எதையும் அழிக்க மாட்டேன்" என்றார் டீச்சர். பிள்ளைகள் சிரித்தபோது அவரும் கொஞ்சம் சிரித்தார்.

கால்பந்து பற்றி டீச்சருக்கு எதுவும் தெரியாது. ஆனால் எல்லா வீடியோவிலும் காமிராவுக்குப் பின்னாலிருந்து மாஷின் குரல் இடைவிடாமல் கேட்டது. அதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கப் பார்த்தார்.

"மாஷே, இதுல 'ஒனக்குக் கண்ணு எதுக்கு, கம்மல் மாட்டவா'ன்னு கேக்கறீங்க. இது எந்த மேட்ச்?"

"அது எல்லா மேட்ச்லயும் கேப்பேன் டீச்சரே."

மதியம் இறுதி ஆட்டம் கிடைத்தது. மாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் படம் பச்சைச் சதுரங்களாக உடைந்து நின்றது. மீதி போன இடத்தில் லினக்ஸ் உட்கார்ந்திருந்தது. மாஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

டீச்சர் மற்றவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாலைக்குள் இருபது நிமிடத்துக்கு மேல் உடையாமல் ஓடிய ஆட்டங்கள் நான்கு கிடைத்தன. மூன்றில் எங்கள் அணி அமோகமாக வென்றிருந்தது. நான்காவது, வளாஞ்சேரியில் மழையில் ஆடி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. இருபத்தாறு நிமிடம்.

வியாழக்கிழமை காலை வேலாயுதன் மாஷ் மூன்று வெற்றிகளில் எதை அனுப்பலாம் என்று ஏலியாம்மா டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். ஷிபிலா லேப் கதவோரம் நின்றாள்.

"மாஷே, மழ மேட்ச் அனுப்பலாம்."

"எது? வளாஞ்சேரியா? ஒனக்குப் பைத்தியமா? மூணு கோல் வாங்கின மேட்ச எவனாவது அனுப்புவானா?"

"ஜெயிச்சதுல எனக்கு வேலையே இல்ல மாஷே. பந்து இந்தப் பக்கமே வரல. அஞ்சு கோல் போட்டதுல நான் கம்பத்துல சாஞ்சு நகம் கடிச்சிட்டிருக்கேன். பாக்கறவங்க என்னத்தப் பாப்பாங்க?"

ரம்லத் டீச்சர் மூன்று வெற்றிகளையும் முந்தின நாள் முழுவதும் பார்த்தவர்.

"உண்மதான் மாஷே. ரெண்டாவது மேட்ச்ல இவ குனிஞ்சு ஷூ லேஸ் கட்டறது மட்டும் நாலு தடவ வருது."

"அந்த பைனல் இருந்திருந்தா" என்று தொடங்கிய மாஷ், டீச்சர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போடுங்க, இன்னொரு தடவ பாப்போம்."

ஐவரும் நின்றுகொண்டே பார்த்தோம். மழையில் பந்து சோப்புக்கட்டிபோல வழுக்கியது. எங்கள் தடுப்பாட்டப் பெண்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள். ஷிபிலா மட்டும் எழுந்து எழுந்து நின்றாள். வலப்பக்கம் பாய்ந்தாள், முன்னால் ஓடிவந்து காலடியில் விழுந்து பந்தைப் பிடுங்கினாள், தன் ஆட்களைக் கை நீட்டி நிற்க வைத்தாள். இரண்டாவது கோல் அவள் தவறு. பந்தை உதைக்கப் போய், வழுக்கி, எதிரணிக்கே கொடுத்தாள். மாஷின் குரல் காமிராவுக்குப் பின்னாலிருந்து கண்ணையும் கம்மலையும் விசாரித்தது. அடுத்த நிமிடமே வந்த பந்தை அவள் விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டாள்.

மாஷ் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பதினொண்ணு பிடிச்சிருக்கா" என்றார். "அன்னிக்கு நான் தோத்த எரிச்சல்ல எண்ணவே இல்ல."

"அனுப்பலாமா?" என்றார் ரம்லத் டீச்சர்.

"அனுப்பலாம். ஆனா என் சத்தத்த எடுத்துருங்க டீச்சரே. அவங்க கேட்டா என்ன நெனப்பாங்க?"

"வெட்டாம ஒட்டாம அனுப்பணும்னு எழுதியிருக்கு மாஷே. நான் எதிலயும் கை வெக்க மாட்டேன்."

பள்ளியின் இணையம் ஏறி இறங்கி, நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. ஷிபிலா நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை ரம்லத் டீச்சர் அந்த லேப்டாப்பை மறுபடி எடுத்தார். தேர்வுக்கு இன்னும் ஒரு கம்ப்யூட்டர் தேவையாகத்தான் இருந்தது. மாஷ் கொடுக்க மாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இந்தத் தடவ அந்தப் பதினாலு சினிமாவ அழிச்சிருங்க, எனக்கே எரிச்சலா இருக்கு" என்றார். டீச்சர் முதலில் ஒவ்வொரு பங்கையும் திறந்து பார்த்து, அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னார். மாஷ் யோசித்து ஒன்றுக்கு மைதானம் என்றும் ஒன்றுக்குக் குப்பை என்றும் வைத்தார். குப்பையை அழித்து லினக்ஸ் போட்டு, நடுவில் தவறி ஏறியிருந்த லினக்ஸை எடுத்துவிட்டு, மீட்ட வீடியோக்களை மைதானத்தில் திரும்பப் போட்டார்கள். இப்போது யார் டிஸ்க் கொண்டுவந்தாலும் டீச்சர் பெயர் வைத்த பிறகுதான் பென் டிரைவை எடுக்கிறார். உஸ்தாதின் டிஸ்க்கில் ஒரு பங்குக்கு இப்போது வாரிசு என்று பெயர்.

திங்கட்கிழமை தேர்வு. வெளியூர்ப் பரீட்சகர் வந்திருந்தார், கறார் ஆள். லேபுக்குள் போன் கூடாது, நடுவில் யாரும் வரக்கூடாது. மூன்றாவது பேட்ச்சில் ஷிபிலாவுக்குப் பதினைந்தாம் நம்பர் இடம் கிடைத்தது. அது வேலாயுதன் மாஷின் லேப்டாப்.

தேர்வு முடியப் பத்து நிமிடம் இருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடிக்குள் ஏதோ அசைந்தது. மாஷ். ஒரு கையில் போன். மறு கையால் ஷிபிலாவைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, அந்தக் குறுகிய இடத்திலேயே வலப்பக்கம் பாய்ந்து காட்டினார். செடி ஒடிந்தது.

பரீட்சகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த மாஷுக்கு ஒடம்புக்கு ஏதாவதா?"

"பி.டி. மாஷ் சார். அப்படித்தான்" என்றார் ரம்லத் டீச்சர்.

மாஷ் வருகைப் பதிவு நோட்டைத் திருப்பி, ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். இருபதாம் தேதி, கோழிக்கோடு, நேரில் வரணும், ஷூ கொண்டுவரணும். டீச்சர் படித்தார். முகம் அப்படியே இருந்தது, கழுத்து மட்டும் சிவந்தது. மாஷ் பக்கத்தைத் திருப்பினார். அடுத்ததில், கத்தினது யாருன்னு கேட்டாங்க, என்று இருந்தது.

ஷிபிலா கடைசிக் கேள்வியில் இருந்தாள். ஒரு படத்துக்குள் எழுத்தை வளைத்துப் போடும் வேலை. அது சரியாக வளைய மறுத்துக்கொண்டிருந்தது. இப்போது தலையைத் தூக்கினால் அந்த ஐந்து மதிப்பெண் போய்விடும். டீச்சர் எழுந்து ஜன்னலுக்கு முன்னால் போய், துப்பட்டாவைத் தோள் இரண்டிலும் விரித்துவிட்டு, வெளியே எதுவும் தெரியாதபடி நின்றுகொண்டார். முதுகுக்குப் பின்னால் மாஷ் கண்ணாடியைத் தட்டினார். டீச்சர் அசையவில்லை.

ஏழு நிமிடம் அப்படியே நின்றார். ஷிபிலா எழுத்தை வளைத்தாள், சேமித்தாள், ஒருமுறை திறந்து பார்த்தாள், முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்தாள்.

"முடிச்சிட்டேன் டீச்சர்."

டீச்சர் பரீட்சகரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ரம்லத் டீச்சர் ஜன்னலைவிட்டு ஓர் அடி விலகினார்.